சிலிண்டரைக் கொடுக்க மாட்டேன்

தொம்மலூர்,
ஆகஸ்ட் 19, 2001.

அன்பு மகள் சுனிதாவுக்கு அப்பா ஆசிகளோடு எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்தாலும் சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் சுகமாக இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை கிஷோரும் குழந்தை தீபிகாவும் அதுபோலவே இருக்க முருகன் துணை இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் விழுந்துவிட்டது என்று சொன்னாயே, புதுப் பல் முளைத்துவிட்டதா என்று எழுது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வைத்துக்கொண்டால் தைரியம் போய்விடும். நீயும் உன் பெரியப்பா மகன் ரவிக்குமாரும் சேர்ந்து பொம்மனஹள்ளிக்கு அப்பால் பார்த்து வைத்த முதியோர் விடுதிக்கு நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை. ஃபோனில் நீ, எனக்காகவாவது சரின்னு சொல்லுங்கப்பா என்றபோது சரிம்மா என்றேன், அது உண்மைதான். யார் எதைக் கேட்டாலும் என் வாய் சரி என்று சொல்லிவிடும், மூளை அதற்குப் பிறகுதான் விழிக்கும். தொழிற்சாலையில் டிராயிங் செக்‌ஷனில் இருந்த காலம் முழுவதும் இப்படித்தான். உன் அம்மா இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. ஆகையால் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ரவி உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா அநாதை மாதிரி ரோட்டோரம் நின்னு தின்னுக்கிட்டிருக்கார், பார்க்கவே மானம் போகுது அக்கா, என்றானாம். நின்று சாப்பிட்டது நிஜம். தர்ஷினி என்கிற அந்த மாதிரி சின்ன ஓட்டல்களில் நாற்காலி கிடையாது, கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளும் ஆட்டோக்காரர்களும் பாங்க் மானேஜரும் நின்றுதான் சாப்பிடுகிறார்கள், அவர்கள் யாரும் அநாதைகள் இல்லை. அவன் பார்த்த அன்றைக்கு என் தட்டில் இருந்தது காரா பாத். பட்டாணியும் கேரட்டும் போட்டுக் குழைய வெந்த ரவை, மேலே நெய் மினுமினுத்தது, பக்கத்தில் கெட்டிச் சட்னி. அதை முடித்துவிட்டு சாம்பாரில் ஊறிய வடையும் ஒன்று சாப்பிட்டேன். எனக்கு ரொம்பவும் பிடித்திருக்கிறது அம்மா. இந்த வயதில் ஒரு பலகாரம் பிடித்திருக்கிறது என்று மகளுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, பேனாவை ஒருமுறை மூடியும் வைத்துவிட்டேன், ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த இடத்துக்கு நானும் அம்மாவும் மாலை நடைக்குப் பிறகு போய் ஒரு பை-டூ குடிப்போம், ஒரே காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள், நீயும் வந்திருக்கிறாய். அவள் போன பிறகு முதல் தடவை தனியாகப் போனபோது பழக்கத்தில் பை-டூ என்றே கேட்டுவிட்டேன். இரண்டு தம்ளரும் முன்னால் வந்து நின்றன. காபி ஊற்றுபவர், இன்னொப்பரு எல்லி சார், என்று கன்னடத்தில் கூட வந்தவரைத் தேடினார். நான் இரண்டாவது தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆங்கிலோ இந்தியர், என்ன மேன், அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா ஆறிப்போகும், இந்தா நான் எடுத்துக்கறேன், என்று ஒரு தம்ளரை எடுத்துக் குடித்தே விட்டார். அவர்தான் டென்சில். ரயில்வேயில் கார்டாக இருந்தவர், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில், இவர் நம் பின்தெருவில் தனியாக இருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் பை-டூ நிற்கவில்லை.

இரவுக்கு வீட்டுச் சமையல்தான், நானே செய்கிறேன். ஆரம்பத்தில் ரசத்தைத் தளதளவென்று கொதிக்க விட்டுவிடுவேன், கஷாயம் மாதிரி இருக்கும். இப்போது தெரிந்துகொண்டேன். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும், முந்தினால் பச்சை வாசனை, பிந்தினால் கசப்பு. குழைந்த சோறு, ரசம், சுட்ட அப்பளம், அவ்வளவுதான். டாக்டர் சொன்னபடி ரசத்தில் உப்பைக் குறைத்துவிட்டேன். அப்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டென்சில் உருளைக்கிழங்கு வறுத்து எடுத்துக்கொண்டு வருவார். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, இது எங்க பெப்பர் வாட்டர் மேன், எங்க மம்மிகிட்டேருந்து நீங்க திருடிட்டீங்க, என்பார். நானும் விடுவதில்லை, திருடிய பொருளை ஏன் தினமும் வந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். நானா இப்படிப் பேசுகிறேன் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

விடுதியை ரவி அழைத்துப் போய்க் காட்டினான். குறை சொல்ல மாட்டேன், சுத்தமான இடம், சின்னத் தோட்டம்கூட இருக்கிறது. அறையில் ஒரு சின்ன அடுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகி அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இங்க வந்தப்புறம் உங்களுக்கு எதுக்கு தாத்தா அந்தத் தலைவலியெல்லாம், எல்லாம் தட்டுல வந்துடும், கையைக் கட்டிக்கிட்டு ஜம்முனு உட்காருங்க, என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போதும் வாய் சரிம்மா என்றது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ரவி ஒரு லக்கேஜ் ஆட்டோவோடு வந்தான். மறுநாள் நான் கிளம்புவதாக ஏற்பாடு. அவன் வீட்டில் ஒற்றை சிலிண்டர்தான், அதனால் நம்முடையதை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தான். நாளைக்குப் போறீங்களே சித்தப்பா, இனிமே உங்களுக்கு எதுக்கு சிலிண்டர், என்று நேராகச் சமையலறைக்குள் போய்க் குனிந்து ரெகுலேட்டரில் கை வைத்தான். அடுப்பில் ரசம். ஓரத்தில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. சுனிதா, நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நுரை கட்டப்போகுது, கையை எடுடா, என்றேன். அவன் பிறந்ததிலிருந்து நான் அவனை டா போட்டதில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். சிலிண்டரைக் கொடுக்க மாட்டேன், நானும் வரமாட்டேன், என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது, அதை மறைக்கவில்லை, நடுங்கிக்கொண்டே சொன்னேன். மேஜையில் தட்டோடு உட்கார்ந்திருந்த டென்சில், சித்தப்பா சிவப்புக் கொடி காட்டிட்டார் மேன், வண்டி இனிமே நகராது, என்றார். ரசத்தைச் சரியான பதத்தில் இறக்கினேன்.

ரவிக்குக் கோபம்தான். ஆனாலும் நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் பொரிந்த வாசனை வந்ததும் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டான். எங்களிடம் நாற்காலி இரண்டுதான், அதனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றபடியே இரண்டு முறை ரசம் போட்டுச் சாப்பிட்டான். போகும்போது, அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க, நடுவுல நான் மாட்டிக்க மாட்டேன், என்றான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. ராத்திரி விழுந்துவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று கேட்பாய். வீட்டுச் சாவி ஒன்று டென்சிலிடம் இருக்கிறது, அவருடையது ஒன்று என்னிடம். விழவே மாட்டேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் விழுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் மாட்டேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பை வாரம் முழுவதும் சுடவைத்துச் சாப்பிடுகிறாய் என்று தீபிகா சொன்னாள். வாரத்தில் ஒரு நாளாவது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போய், சூடாக, பிடித்ததைச் சாப்பிடம்மா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குப் பசித்து, பசிக்கு ருசித்து, நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். இதைப் படித்துவிட்டு நீ ஃபோன் செய்வாய், அழுவாய், நானும் மறுபடி சரிம்மா என்று சொல்லிவிடுவேன். அதை எடுத்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தில் இருப்பதுதான் என் பேச்சு.

உன் அப்பா,
சிவசங்கரன்