ஓடக்காரன் மேசையில் இரண்டு குவளைகள்

மார்ச் 3, செவ்வாய்

தலைப்பு திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது முறை.

திருப்பியவர் என் ஆய்வு நெறியாளர். எதைச் சொன்னாலும் "சான்று எங்கே?" என்பதால் துறையில் எல்லோருக்கும் அவர் சான்று மேடம்.

நான் கொடுத்தது: 'உப்பு ராஜ்யம்' வீடியோ விளையாட்டுத் தொடரில் கதையின் ஆழம். எட்டுப் பாகங்கள், இருபத்தொரு வருடங்கள், மந்திரவாதிகள், ஒரு பறக்கும் திமிங்கிலம்.

"ஆழம் இருக்குன்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்கே. இருக்கான்னு எனக்குத் தெரியணும். இருபத்தேழாம் தேதி குழு கூடுது. அதுக்குள்ள ஒரே ஒரு சான்று கொண்டா. இல்லேன்னா விட்டுடு."

விடுவது என்றால் ஆய்வு இடத்தையே விடுவது. மூன்றாவது வாய்ப்பு யாருக்கும் கிடையாது.

உண்மையில் இருக்கிறதா, ஆழம்? எனக்கே தெரியாது. இதை மேடத்திடம் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்னொன்றையும் சொல்லவில்லை. எனக்கு விளையாட வராது. முதல் பாகம், முதல் பாலம் – பதினோரு முறை விழுந்தேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீ எழுது. நான் ஆடுறேன். பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு."

அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாக உட்காரவைப்பவள். மூன்று வருடங்களுக்கு முன்பு கணவர் வீட்டிலிருந்து நேராக என் அறைக்கு வந்தாள். ஒரு பையில் துணி. தலையணை உறைக்குள் இந்த விளையாட்டுப் பெட்டி. சீப்புகூட எடுத்துவரவில்லை, இன்றும் என்னுடையதில்தான் வாருகிறாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எட்டுப் பாகங்களையும் முடித்தவள். இதைவிட நல்ல சாட்சி எனக்கு யார்?

மார்ச் 8, ஞாயிறு

சாட்சி வசனத்தையே படிப்பதில்லை! யாராவது வாயைத் திறந்தால் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுகிறாள். அரசனின் கடைசி வார்த்தைகளையும்தான்.

"அக்கா! அவரு சாகப்போறாரு!"

"சாகட்டும். அதுக்கு இவ்ளோ பேச்சா?"

"அப்ப எட்டுப் பாகமும் கதை தெரியாமயே ஆடினியா?"

"ஏன் தெரியாம? வீட்டுக்குள்ளல்லாம் போய்ப் பாப்பேனே."

மார்ச் 10, செவ்வாய்

அவள் தாண்டிய வசனங்களை நான் படித்தேன். அச்செடுத்தால் நானூறு பக்கம். துரோகம், சாபம், மறுபடியும் துரோகம். எல்லோரும் விதியைப் பற்றியே பேசுகிறார்கள். தனக்கு ஆழம் உண்டு என்று இவ்வளவு சத்தமாகச் சொல்லும் ஒன்றை எப்படி நம்புவது?

மார்ச் 13, வெள்ளி

ஒன்றும் இல்லை. இன்னும் பதினான்கு நாள்தான்.

மார்ச் 15, ஞாயிறு

இருக்கிறது! இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாப் பாகங்களிலும் ஓர் ஓடக்காரன் வருகிறான். வழுக்கைத் தலை. ஆற்றைக் கடத்திவிடுவான், ஒரே ஒரு வசனம். அவன் குடிசைக்குள் போக எந்தக் காரணமும் இல்லை. அக்கா போகிறாள்.

"முதல் ரெண்டு பாகத்துல மேசையில ரெண்டு குவளை. ஜன்னல் திண்டுல ஒரு சீப்பு. பாத்தியா?"

"மொட்டைக்கு எதுக்கு சீப்பு?"

"அதைத்தான் சொல்றேன், மக்கு."

மூன்று, நான்கு, ஐந்தில் ஒரே குவளை. சீப்பு அப்படியே இருக்கிறது. ஆறில் மறுபடியும் இரண்டு குவளைகள், ஏழிலும் அப்படியே. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானூறு பக்கத்தில் இல்லாதது இந்த மேசையில் இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

ஒரே மூச்சில் ஆறு பக்கம். 'இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் இடையில் ஓடக்காரனின் மனைவி இறக்கிறாள். ஆறாம் பாகத்தில் அவளுக்காக அவன் மீண்டும் ஒரு குவளை வைக்கிறான்.' உறுதிப்படுத்தச் சொல்லி விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டியபடியே படித்தாள்.

"செத்துட்டான்னு யாரு சொன்னா?"

"ஒரு குவளைதானே இருக்கு?"

"சீப்பு இருக்கே. செத்தவளோட சீப்பை மூணு பாகமா அங்கயேவா வெச்சிருப்பான்? அவ கிளம்பிப் போயிட்டா. அவசரமாப் போறவதான் சீப்பை மறப்பா."

போய்விட்டாள். கதவு மூடிய பிறகு அந்த ஆறு பக்கத்தையும் மறுபடி படித்தேன். செத்தாள் என்பது எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது!

மார்ச் 20, வெள்ளி

பதில் வந்துவிட்டது. மூன்றாம் பாகத்தின் அறைகளை வடிவமைத்தவரே எழுதியிருக்கிறார். அன்பான கடிதம். கொலைகாரக் கடிதம்.

இரண்டாவது குவளை பிழையால் சுவருக்குள் புதைந்துவிட்டதாம். ஐந்தாம் பாகம்வரை யாரும் கவனிக்கவில்லை. ஆறாம் பாகத்துக்கு நேரம் போதாமல் முதல் பாகத்து அறையை அப்படியே நகலெடுத்தார்களாம். சீப்பு யார் வைத்தது என்று நினைவில்லை. 'ஓடக்காரனுக்கு மனைவி உண்டு என்பதை உங்கள் மடலில்தான் அறிந்தேன்.'

முடிந்தது. என் ஒரே சான்று சுவருக்குள் மாட்டிய ஒரு குவளை.

மார்ச் 21, சனி

கடிதத்தை மேடத்துக்குக் காட்டத்தான் வேண்டுமா? யாருக்குத் தெரியப்போகிறது? – எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

அக்காவிடம் காட்டினேன். அவளுக்கு அதிர்ச்சியே இல்லை.

"நகல்னு எனக்கு அப்பவே தெரியும். மேசை விளிம்புல அதே கீறல். ஒரே அச்சு."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நான் உட்காரவைக்கிற பல்லெல்லாம்கூட ஒரே அச்சுலதான் பெட்டி பெட்டியா வருது. அதுக்காக அந்தாளு சிரிக்கிறது பொய்யா? அச்சு ஒண்ணுதான்டி. வாய் வேற வேறதானே?"

"ஆனா அவங்க அப்படி நினைச்சு வைக்கலக்கா."

"வைக்காட்டி என்ன? ஒரு வருஷம் அந்தக் குடிசைக்குத்தான் தினம் போனேன். அவங்க போனாங்களா?"

எந்த வருடம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நோட்டைத் திறந்து தேதி எழுதினேன்.

மார்ச் 27, வெள்ளி

குழு. ஐந்து பேர், நீள மேசை, சத்தம் போடும் மின்விசிறி. கடிதத்தை முதல் பக்கமாக வைத்தேன்.

சான்று மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இது உனக்கு எதிரான சான்று."

"ஆமா மேடம்."

"பின்ன ஏன் முதல்ல வெச்சே?"

"சான்றுதானே மேடம் கேட்டீங்க."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. பிறகு சொன்னேன்: பிழையால் காணாமல் போன ஒரு குவளையை ஒருத்தி மரணமாகவும் இன்னொருத்தி பிரிவாகவும் படித்தோம். அந்த அறை இரண்டையும் தாங்கியது. நானூறு பக்க வசனம் ஒன்றைக்கூடத் தாங்கவில்லை. ஆழம் அங்கே யாராவது வைத்ததா, போனவர்கள் தோண்டியதா – எனக்குத் தெரியாது. அதைத்தான் ஆராய விரும்புகிறேன்.

முகங்களில் எதையும் படிக்க முடியவில்லை. வாசலைத் தாண்டும்போது மேடம் கூப்பிட்டார்.

"ஏய், எட்டாவது பாகத்துல அந்தச் சீப்பு இருக்கா?"

நான் பார்க்கவில்லை. இத்தனை நாளும் பார்க்கவேயில்லை!

மார்ச் 28, சனி

"எட்டுல அந்தக் குடிசைக்குள்ள நான் போகல," என்றாள் அக்கா.

"எல்லா வீட்டுக்கும் போறவ?"

"போகல. அவ்ளோதான்."

ஏப்ரல் 3, வெள்ளி

தலைப்பு ஏற்கப்பட்டது. 'ஆழம்' என்ற சொல்லுக்குப் பின் மேடம் தன் கையால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் அக்காவே பெட்டியைப் போட்டாள். எட்டாம் பாகம். ஆற்றங்கரை. ஓடக்காரனுக்குப் புருவம் நரைத்திருக்கிறது. அவன் பேசத் தொடங்கினான். அக்காவின் விரல் பொத்தானுக்குப் போகவில்லை. அந்த ஒரே வசனத்தை முழுதாகக் கேட்டாள்.

"அக்கரை இன்னைக்குக் கிட்டத்துல தெரியுது."

குடிசைக் கதவு திறந்தது. மேசையில் ஒரு குவளை. ஜன்னல் திண்டு காலி.

பிழையா, நகலா, யாரோ நினைத்து எடுத்ததா – எழுதிக் கேட்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

அக்கா திண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்து எடுத்துட்டுப் போயிருக்கா," என்றாள்.

"அக்கா, நீ ஏன் வந்துட்டே?"

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சொன்னாள். மதியம்வரை சொன்னாள்.

நோட்டு என் மடியில்தான் இருந்தது. திறக்கவில்லை.