அம்மா கண்டிக்கு வந்த கட்டுரை

அன்புள்ள அம்மாவுக்கு,

வவுனியாவில் வெயில் எப்படி? உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். இங்கே காலையிலிருந்து தூறல்.

சனிக்கிழமை, வேலை செய்யும் கந்தோருக்கான ஆங்கிலப் பரீட்சை எழுதினேன். பாஸானால் எனக்குக் கண்டியிலேயே வேலை நிரந்தரம். அதில் 'எங்கள் நகரில் ஒரு நாள்' என்று ஒரு சஞ்சிகைக்கு எழுதுவதுபோலக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். "எல்லாருக்கும் எழுதப் போனா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. ஒராள மனசில வெச்சி எழுதுங்க" என்று வகுப்பில் றமீலா டீச்சர் சொல்லித் தந்திருந்தார். நான் உங்களை வைத்தேன்.

பிறகு பேனை தானாக ஓடியது. மூன்று வருடமாகக் கண்டிக்கு வராத நீங்கள், கட்டுரையில் பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். மலைப்பாதையில் தலை சுற்றவேயில்லையாம். மாம்பழ நிறச் சேலை உடுத்தியிருந்தீர்கள். வாவிக்கரையில் மீன்களுக்குச் சோளப்பொரி போட்டு, "இதுகள் எங்கட கோழியளை விட மோசம், பிள்ளை" என்று சிரித்தீர்கள். அதையும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன்.

மணி அடித்து வெளியே வந்தும் கட்டுரைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். வாவிக்கரையில் சோளப்பொரி இரண்டு பக்கெட் வாங்கினேன். ஒன்றை நீட்டத் திரும்பியபோதுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தது. கவலைப்படாதீர்கள், மீன்களுக்கு அன்று நல்ல விருந்து.

மிளகாய்த்தூள் முடியப் போகிறது. தபாலில் அனுப்ப வேண்டாம், கையில் கொண்டு வாருங்கள். சாப்பாட்டு இடைவேளை முடிகிறது, அவசரமாக நிறுத்துகிறேன். வரும்போது அந்த மாம்பழ நிறச் சேலையையே உடுத்துங்கள். அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
கிருஷாந்தி