நீதிபதிக்கு எழுதிய கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

மழை. நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் திரைச்சீலைகளைத் துவைத்தேன், காயவில்லை. நியூயோர்க்கில் தம்பி சுதனுக்கு இன்று தீர்ப்பு. குடித்துவிட்டுக் கார் ஓட்டி, ஒரு மனுஷர் செத்துப்போனார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்.

பின்னேரம் ஐந்துக்கு அவன் மனைவி வாணியின் போன்.

"மச்சாள், ரெண்டு கணக்குச் சொல்லினம். குறைஞ்சது ரெண்டு வருஷம் நாலு மாசம். கூடினது ஏழு."

"இதிலை எது சரி?"

"ரெண்டும்தான்."

பிறகு கத்தரிக்காய் பொரித்தேன். உப்புப் போட்டேனா தெரியாது.

மார்ச் 5

வெயில். வாணி விளக்கியது, மறக்குமுன்:

– இந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை மூன்று வருஷத்துக்குக் குறையாது, ஏழுக்குக் கூடாது. நீதிபதி அதற்குள் ஒன்றைத் தெரிவு செய்வார்.

– கீழ் எல்லை அந்த உச்சத்தின் மூன்றில் ஒன்றைத் தாண்டாது.

– கீழ் எல்லை முடிந்தால் விடுதலை என்றில்லை. ஒரு குழு கூப்பிட்டு விசாரிக்கும். மனம் வைத்தால் வெளியே. இல்லாவிட்டால் உள்ளே.

லோயர் கேட்டது ஒன்று முதல் மூன்று. கிடைத்தது முழுசும். அம்மாவுக்கு "ரெண்டு வருஷம்" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 7

பொலிதேயாமா தரிப்பில் முக்கால் மணி நேரம் பஸ் இல்லை. திரும்ப வாணியின் போன்.

"கோவிக்காதேங்கோ மச்சாள். நீங்கள் லோயரிட்டைக் குடுக்காமல் நேரை நீதிபதிக்குக் கடிதம் போட்டனீங்களோ?"

"ஓம். மகள்தான் இங்கிலிஷிலை மாத்தித் தந்தவள்."

"'என்ரை தம்பி ஒரு குற்றமும் செய்யேல்லை' எண்டு கிடக்காம். வீட்டுக்காரரே இன்னும் ஏற்கேல்லை எண்டு சொல்லித்தான் நீதிபதி ஏழு வருஷத்தைப் போட்டவர்."

அப்பாவை ஆமிக் காம்பில் வைத்திருந்தபோது, அம்மா சொல்லச்சொல்ல நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். நேரே காம்ப் பெரியவருக்கு. முதல் வரியில் குற்றமில்லை. அப்பா வந்தார். எனக்கு வேறு விதமாகக் கடிதம் எழுதத் தெரியாது.

பஸ் வந்தது, ஏறினேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

லீவு. காற்று. விடுதலையைத் தீர்மானிக்கும் அந்தக் குழுவுக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதித் தரட்டாம், லோயர். இந்த முறை நடந்ததை எழுதவேண்டுமாம். மூன்று தாள் கிழித்தாயிற்று. நாலாவதில்:

"ஐயா, என் தம்பி சுதன் குடித்துவிட்டுக் கார் ஓட்டி"

அதற்குப் பிறகு இறந்தவரின் பெயர் வரவேண்டும். இடம் விட்டிருக்கிறேன். இவ்வளவு நாளும் நான் அதைக் கேட்கவேயில்லை.