மாப்பிள்ளை வீட்டில் அடைபட்ட நாட்கள்

பின்பக்க அறை,
கம்பாலா
6 ஏப்ரல் 2020, திங்கள்

மாப்பிள்ளை செண்டெகேயா அவர்களுக்கு,

நேற்றுக் காலை என்னைக் கேட்காமல் கேட்டைப் பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். இது தவறு. நான் கோழி அல்ல, பூட்டி வைக்க.

நேற்று குருத்தோலை ஞாயிறு. என் ஊர் கலுங்குவில் கோவிலும் மூடித்தான் இருக்கும், தெரியும். நான் கோவிலுக்குப் புறப்படவில்லை, வீட்டுக்குப் புறப்பட்டேன். கண் ஆபரேஷனுக்காக மூன்று நாள் தங்க வந்தவள். என் மகள் நடுவில் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் மாப்பிள்ளை வீட்டில் கால் வைத்தேன். இப்போது அந்த மகளை, கொரெத்தியை, ஆஸ்பத்திரியிலேயே மற்ற நர்சுகளோடு தங்க வைத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில். மாமியாரும் மருமகனும் தனியாக ஒரே கூரையின் கீழே! நம் ஜனங்களில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? மாமியாரும் மருமகனும் தொட்டால் நடுக்க நோய் வரும், முகம் பார்ப்பதே குற்றம் என்று வளர்ந்தவள் நான்.

எனக்கு எழுபத்தேழு வயது, ரத்த அழுத்தம் வேறு. இங்கே நான் இறந்துபோனால் உங்களால் என்னைத் தொட முடியாது. முன்பின் தெரியாத யாரோ வந்து, என் பெயர்கூடத் தெரியாமல் தூக்கிப் போவார்கள். எனக்கு அது வேண்டாம். என் வீட்டில், என் ஆட்கள் கையில் போக வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

போனில் பேசலாமே என்கிறாள் கொரெத்தி. போனில் பேசினால் உங்கள் குரல் என் காதுக்குள்ளேயே வந்து உட்காரும். அதற்கு நேரில் நிற்பதே மேல். ஆகவே எழுதுகிறேன். உப்பு டப்பாவின் கீழே வைக்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. காப்பிக் கூட்டுறவுச் சங்கத்து அறிவிப்புப் பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றேன். நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்தவர். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.

உங்கள் அத்தை,
பெர்பெத்துவா நாமியாலோ


முன்பக்க வீடு
7 ஏப்ரல்

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு,

கதவுக்கு வெளியே குனிந்து வணங்கி எழுதுகிறேன். இரவு நன்றாகத் தூங்கினீர்களா? கண்ணில் உறுத்தல் குறைந்ததா? மருந்து நாளைக்குள் தீரும் என்றாள் கொரெத்தி. புதிய புட்டியை ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

பூட்டியது நான்தான். மன்னியுங்கள். சாலையில் கார் இல்லை, பஸ் இல்லை. கலுங்குவுக்கு நூற்றிருபது கிலோமீட்டர். பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விடுவீர்கள் என்று பயந்தேன். போகக்கூடியவர்தான் நீங்கள்.

மாவட்ட அலுவலகத்தில் ஒரு வண்டிக்கு அனுமதி கேட்டு இன்று விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

அதுவரை நாம் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க ஒரு யோசனை. சமையலறை காலை ஒன்பது மணிவரை உங்களுக்கு, பிறகு பகல் ஒன்றுவரை எனக்கு, மாலை நான்கிலிருந்து ஆறுவரை மறுபடி உங்களுக்கு. உள்ளே நுழையும்முன் கைதட்டினால் மற்றவர் விலகிவிடலாம். இருமலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த நாட்களில் இருமலுக்குக் கெட்ட பெயர்.

பணிவுள்ள மருமகன்,
கெராட் செண்டெகேயா


பின்பக்க அறை
9 ஏப்ரல்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நேரப் பட்டியல் சரி. கைதட்ட மாட்டேன். கைதட்டி ஆளைக் கூப்பிடுவது பழக்கமில்லை. இருமுவேன். பயப்படுகிறவர்கள் பயப்படட்டும்.

நீங்கள் மூடி வைத்திருந்த நிலக்கடலைக் குழம்பைச் சாப்பிட்டேன். உப்பு டப்பாவைக் கடிதத்துக்குப் பாரமாக மட்டும் வைக்க வேண்டாம், கொஞ்சம் குழம்பிலும் போடலாம். மட்டோக்கே வாழைக்காயை வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைக்க வேண்டும். நீங்கள் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறீர்கள். முப்பது வருடம் என் மகள் உங்களுக்கு என்னதான் கற்றுக்கொடுத்தாள்?

ரேடியோவைக் குறையுங்கள். எத்தனை பேருக்கு நோய் என்று ஒரு தடவை கேட்டால் போதாதா?

அனுமதி என்ன ஆயிற்று? என் பை கட்டியபடியே இருக்கிறது.

பெர்பெத்துவா நாமியாலோ


முன்பக்க வீடு
15 ஏப்ரல்

அத்தை அவர்களுக்கு,

ஊரடங்கை இன்னும் மூன்று வாரம் நீட்டிவிட்டார்கள். ரேடியோவைக் குறைத்துவிட்டதால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

ஈஸ்டர் அன்று காலை பின்பக்கம் நீங்கள் பாடியது கேட்டது. மூன்றாவது பாட்டில் நானும் இந்தப் பக்கம் சேர்ந்துகொண்டேன். அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் மன்னியுங்கள். இஞ்சி டீக்கு நன்றி. இரண்டு கோப்பை குடித்தேன்.

கெராட் செண்டெகேயா


பின்பக்க அறை
22 ஏப்ரல்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

திங்கட்கிழமை நடந்ததைப் பற்றி நீங்கள் கொரெத்தியிடம் போனில் பேசியது சுவர் வழியாகக் கேட்டது. பக்கத்து வீட்டுக் கலூலே வந்து உங்களைத் தூக்கியதாகச் சொன்னீர்கள். என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் சொன்னீர்கள். என் மானத்தைக் காக்க எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இருக்கட்டும்.

மணி நாலேகால். என் நேரம். நான் இருமினேன். நீங்கள் இன்னும் உள்ளே இருந்தீர்கள், அது உங்கள் தப்பு. என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று பின்னோக்கியே நடந்து, முற்றத்துப் படியில் தவறி விழுந்தீர்கள். நான் வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“மாப்பிள்ளை, இது என் நேரம்.”

“தெரியும் அத்தை. விழுந்துட்டேன்.”

“எந்திரிச்சு முன்பக்கம் போங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்.”

“எந்திரிக்க முடியல. காலு திரும்பிக் கெடக்கு.”

“கலூலேயைக் கூப்பிடவா?”

“கூப்பிடுங்க. ஆனா கேட்டு பூட்டியிருக்கே.”

“சாவி?”

“என் பையில” என்றீர்கள்.

“இந்தப் பக்கம் தூக்கிப் போடுங்க.”

“அந்தப் பக்கமாத்தான் சாஞ்சு கெடக்கேன். கை போக மாட்டேங்குது.”

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உங்கள் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் திரையை விலக்கினேன். “வராதீங்க அத்தை! தொட்டா நடுக்க நோய் வந்துரும்!” என்று கத்தினீர்கள்.

“எழுபத்தேழு வயசுல எல்லாம் ஏற்கெனவே நடுங்குது. வாயை மூடுங்க.”

உங்கள் அக்குளில் கை கொடுத்து, சமையலறைவரை இழுத்து வந்தது நான். உங்கள் பையில் கை விட்டுச் சாவியை எடுத்ததும் நான். கலூலே அதற்குப் பிறகுதான் வந்தாள், கிளினிக் ஆளைக் கூட்டிவந்து கட்டுப் போட வைத்தாள். அவளுக்கு உரியதை அவளுக்குக் கொடுங்கள், என்னுடையதைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அவள் ஆளைத் தேடிப் போன நேரத்தில் கேட் திறந்து கிடந்தது. சாவி என் கையில். சாலையில் ஒரு நாய்கூட இல்லை. என் பை கதவுக்குப் பின்னால் இருந்தது. கேட்டை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, உங்கள் காலுக்கு வெந்நீர் வைக்க வந்தேன். ஏன் என்று கேட்க வேண்டாம்.

பெர்பெத்துவா நாமியாலோ


முன்பக்க வீடு
23 ஏப்ரல்

அத்தை அவர்களுக்கு,

கொரெத்தியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள்.

இதை அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்தின் அனுமதி பதினோராம் தேதியே வந்துவிட்டது. ஒரு வண்டி, ஒரு பயணி, கலுங்குவரை. ஒரு வாரம் செல்லும். அதை என் பழைய பாட நூல்களுக்குள் வைத்து மூடிவிட்டு, பதில் இல்லை என்று உங்களுக்கு எழுதினேன். பதினெட்டாம் தேதியோடு காலாவதியாகிவிட்டது.

கொரெத்தி சொல்லிச் செய்தேன் என்று எழுதித் தப்பிக்கலாம். அவளுக்கு இது தெரியாது. உங்கள் உடம்புக்காகச் செய்தேன் என்றும் எழுதலாம். அது பாதி.

மணியடித்தால் நானூறு பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் வாழ்ந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு கொரெத்தி வேலைக்குப் போனால் எனக்குத் தெருவாவது இருந்தது. இப்போது தெருவும் இல்லை. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமும்போது, வீட்டில் ஆள் இருக்கிறது என்று எழுந்து முகம் கழுவுகிறேன். நீங்கள் போய்விட்டால் எதற்கு எழுந்திருப்பேன் என்று தெரியவில்லை. அதனால் மறைத்தேன்.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

கெராட்


பின்பக்க அறை
24 ஏப்ரல், வெள்ளி

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது பொய். ஒரு தலைமை ஆசிரியர், ஒரு கிழவியிடம். காரணத்தைப் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். காரணம் இருந்தால் பொய் உண்மையாகிவிடாது. நான் மன்னித்ததாக எங்கும் சொல்ல வேண்டாம். கேட்டால் இல்லை என்பேன்.

தனிமை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இனி ஆக வேண்டியவை.

அனுமதிக்கு நீங்கள் மறுபடி எழுத வேண்டும். கையெழுத்துப் போடும்முன் என்னிடம் காட்ட வேண்டும். தேதியை நான் சொல்வேன், நீங்களும் அல்ல, கொரெத்தியும் அல்ல. உங்கள் கால் தரையில் ஊன்றும்வரை தேதி சொல்வதாக இல்லை.

கொரெத்தி வாரம் இரண்டு முறை போன் செய்ய வேண்டும், முதலில் உங்களிடம், பிறகு என்னிடம். உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொல்ல வேண்டும். நான் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

கலூலே வாழைக்குலையைக் கேட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமைக் கதையைத் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மாட்டாள் என்றால் சரியாகவாவது சொல்லட்டும்: இழுத்தது நான்.

சமையல் இனி நான் மட்டும். நீங்கள் அடுப்பருகே வர வேண்டாம், கால் ஆறிய பிறகும் வர வேண்டாம். தட்டை ஜன்னலில் வைத்து இருமுவேன். நீங்கள் பதிலுக்கு இருமுங்கள். பதில் வராவிட்டால் உள்ளே வந்து பார்ப்பேன்.

தொட்டதற்குப் பரிகாரமாக மருமகன் மாமியாருக்கு மரப்பட்டைத் துணி ஒன்று தருவது வழக்கம். கடை திறந்ததும் நீங்கள் தர வேண்டும். இந்த முறை தொட்டவள் நான் என்பதால் நானும் ஒன்று தருவேன். யார் முதலில் என்ற பேச்சு வேண்டாம், ஒரே நாளில்.

ஒரு நாள் தொட்டுவிட்டோம் என்பதற்காக இனி எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். திரை திரைதான்.

அதற்கெல்லாம் முன்பு இந்த வீட்டிலேயே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்: கொரெத்திக்குச் சொல்லி அனுப்புங்கள், ஆனால் அவள் வரும்வரை என்னைத் தரையில் கிடத்தி வைக்க வேண்டாம். பெயர் தெரியாதவர்கள் யாரும் கை வைக்க வேண்டாம். கால் பக்கம் கலூலே பிடிக்கட்டும். தலைப் பக்கம் நீங்கள்.

பெர்பெத்துவா நாமியாலோ