காத்திருந்த நேரத்துக்குக் கூலி

அக்கா,

நேற்று செங்கம் ரோட்டில் ஒரு விடுதி வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். "ரூம் சுத்தம் செய்யப் பெண்கள் தேவை. மணிக்கணக்கில் சம்பளம்." படித்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஆசிரமத்துப் பக்கம் அந்த லாட்ஜில் நாம் ஐந்து பேர் அறை கூட்டினோம். நீ கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாய். உன் மகள் பத்தாவது படித்தாள். "இவ பரிட்ச எழுதிட்டான்னா போதும்டி, நான் நிமிர்ந்துருவேன்" என்று பெட்ஷீட் பிழியும்போதெல்லாம் சொல்வாய்.

நமக்கு நாள் கூலி. கார்த்திகை தீபம் வந்தால் பத்து நாளும் அறை காலியாகாது. ஒருவர் மூட்டை கட்டும்போதே அடுத்தவர் வாசலில் நிற்பார். முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை குனிந்தே கிடந்தாலும் அதே ஒரு நாள் கூலிதான். அப்போதுதான் தமிழ் கொஞ்சம் பேசும் வெள்ளைக்காரம்மா ஒருத்தி உன்னிடம், "மணிக்கு எவ்ளோ?" என்று கேட்டாள். நீ சிரித்துவிட்டாய். ஆனால் அந்தக் கேள்வி உன்னை விடவில்லை. மறுநாளிலிருந்து வரவேற்பறைக் கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் சுருக்குப்பையில் ஒரு புளியங்கொட்டை போட்டாய். தீபத்தன்று மட்டும் பதினாறு கொட்டை சேர்ந்தது. அதை முதலாளியின் மேஜைமேல் கொட்டி, "மணிக்கணக்கா குடுங்கய்யா" என்று கேட்டாய். நாங்கள் உன் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "சரி, அப்படியே வாங்கிக்கங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்க ஆளே வராத நாளிலும் அந்த நாள் கூலி நம் கைக்கு வந்துகொண்டிருந்ததை ஐந்து பேரில் ஒருத்தியாவது நினைத்தோமா? முட்டாள்கள்.

பங்குனி வந்தது. மலை கொதித்தது. ஊரில் வெளியாட்களே இல்லை. மேனேஜர் சாவி கொடுத்து அறை திறந்தால்தான் நேரம் கணக்கு, துவைக்கிற கல் பக்கத்தில் காத்திருப்பது கணக்கில்லை என்றார்கள். வேறு வேலைக்கும் போக முடியாது, எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. "ரெண்டு கொட்டைக்கு ஒரு நாளு போச்சுடி" என்றாய் ஒரு சாயங்காலம். பஸ்ஸுக்குப் போக உன் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

நீ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நாங்கள் நாலு பேரும் முதலாளியிடம் போனோம், பழையபடி நாள் கூலியே கொடுங்கள் என்று. "குடுக்கறேன். இத ஆரம்பிச்சது யாரு? உங்க வாயால சொல்லுங்க" என்றார். அவருக்குத் தெரியாததா? மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். நான் உன் பேரைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்திருந்தார். அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். சொன்னது நான்தான்.

மதியத்துக்குள் உன்னை அனுப்பிவிட்டார்கள். சுருக்குப்பையைத் துவைக்கிற கல்லிலேயே விட்டுப் போனாய். உன் மகள் பரீட்சை எழுதவில்லை. கடலை மண்டிக்கு மல்லாட்டை உரிக்கப் போனாள். பல மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, நான் வாய் திறப்பதற்குள் நீயே சொன்னாய்: "கோவம்லாம் இல்லடி. உனக்கும் வவுறுன்னு ஒண்ணு கீதுல்ல?" நீ திட்டியிருக்கலாம், அக்கா. போன ஐப்பசியில் நீ போய்விட்டாய் என்று தகவல் வந்தது. சாவுக்குக்கூட நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

நேற்று அந்தப் படியில் என் பக்கத்தில் ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து இரண்டு அறைதான் என்றாள்.

"இப்பிடி உக்காந்திருக்கற நேரத்துக்கு?"

"அதுக்கெல்லாம் யாரு தராங்க ஆயா."

அன்று கல்லிலிருந்து நான் எடுத்துக்கொண்ட உன் சுருக்குப்பை இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "காத்திருக்கறதும் வேலதாம்மா. அதையும் சேத்துக் கேளு. தனியா கேக்காத, எல்லாரும் ஒண்ணா நின்னு கேளுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத யாரு சொன்னது?"

உன் பேரைச் சொன்னேன்.