ஹொகாருக்குக் கட்டிய பை

ஜனவரி 9
மகள் அஜந்தா போய்விட்டாள். அல்ஜீரியாவின் தெற்கே ஹொகார் மலைகளுக்கு, பிரெஞ்சுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆறு பேர், கல் படிக்க. கல் பார்க்கச் சகாராவுக்கா போகவேண்டும்? கோபத்தில் விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. பையை மட்டும் நான்தான் கட்டினேன். அவள் வைத்திருந்த தடித்த கம்பளிச் சட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் வைத்தேன்.
"பாலைவனத்துக்கு ஆரும் சுவெட்டர் கொண்டு போவினமோ?" என்றேன் இவரிடம். "ஓம், ஓம்" என்றபடி ரிவியில் செய்தி பார்த்தார்.

ஜனவரி 12
வட்சப்பில் அவள் குரல். "அம்மா, நாளைக்கு மலை ஏறுறம். அங்கை சிக்னல் இல்லை. பயப்பிடாதேங்கோ."
படமும் வந்தது. தூண் தூணாகக் கறுப்புப் பாறைகள். சுற்றிவரக் கல்வெளி, அதற்கப்பால் மணல். ஆறு என்கிறாள், அதிலும் மணல்தான். மழை பெய்தால் மட்டும் ஓடுமாம், எங்கள் யாழ்ப்பாணத்து வழுக்கையாறு போல. பாறைக் குழித் தண்ணீரில் மீன்கூட உண்டாம். யார் கொண்டுபோய் விட்டது?
பதில் போடவில்லை. ரயில் நாங்கள் இருக்கும் திரான்சிக்கு வரும்வரை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13
கனவு. கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் கதவு திறக்க மணல் கொட்டுகிறது. தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ பிலிப்-து-ஜிரார் தெரு முடிகிற இடத்தில் அந்தக் கறுப்பு மலை. சனம் மரக்கறிப் பைகளோடு அதைச் சுற்றிப் போகிறது. எனக்குப் பயமே இல்லை. யாழ்ப்பாணத்தில் மலை ஏது? கீரிமலைக்கே பெயரில் மட்டும்தான் மலை.

ஜனவரி 15
வேலை செய்யும் கடையில் சேலை மடித்தபடி, மகள் மலை ஏறுவதைச் சொல்லி மர்கரீத்திடம் பெருமையடித்தேன். பாண்டிச்சேரிக்காரி, புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாலைவனம் பார்த்தவர்.
"ஐயோ கோசலை, அம்மாம் ஒசரத்துல ராத்திரி தண்ணியே ஒறைஞ்சிடுமே! கம்பளி குடுத்தீங்கல்ல?"
மடித்த சேலையையே மறுபடி மடித்தேன்.

ஜனவரி 16
சட்டை அலுமாரிக்குள் கிடக்கிறது. என்ன மனுசி நான்? பிள்ளை அங்கை குளிரிலை நடுங்குது, நான் இஞ்சை ஹீட்டர் போட்டுக்கொண்டு — அதை நிறுத்திவிட்டேன். "உனக்கென்ன விசரே?" என்று இவர் கத்தினார்.

ஜனவரி 17
ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 20
வந்தது! சிரிக்கிறாள்.
"சுவெட்டரை எடுத்திட்டு வடை வச்சது நீங்கள்தானே அம்மா? ஆறு பேரும் ஒரு கூடாரத்துக்கை ஒட்டிக்கொண்டு படுத்தம். உங்கடை மிளகாய்த்தூளைச் சூப்பிலை போட்டுக் குடிச்சம், எல்லாருக்கும் கண்ணாலை தண்ணி! விடியேக்கை மலை ஊதாவா இருக்கும். நீங்களும் பாக்கவேணும்."
ஆறு பேரில் பொடியன்கள் எத்தனை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அழுதுகொண்டே பதில் போட்டேன்.

பெப்ரவரி 2
நாளை வருகிறாள். விமான நிலையத்துக்கு நானும் போகிறேன். அடுத்த மாரிக் குளிரிலும் அங்கே போகவேண்டுமாம். இன்று மலிவு விற்பனையில் இரண்டு கம்பளிச் சட்டைகள் வாங்கினேன். ஒன்று என்னுடைய அளவு.