பழவேற்காட்டில் என் வீரம்

1969, மாசி, ஞாயிறு.

கடலைக் கண்டு அலறி ஓடியவன் நான்தான். இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அலையில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என் வீட்டுக்காரி ரங்கம்மா. நேற்றுதான் அவளையும் மகள் செல்வியையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். ராத்திரி சத்திரத்தில் தங்கினோம். காலையில் படகேறிக் கடற்கரைக்குப் போனோம்.

"உன்னப் பாத்தா கடலே பின்னால போய்டும்டி" என்று வழியெல்லாம் அவளைச் சீண்டினேன். நம்ம ஊர் ஏரியில் குளிக்கிற மாதிரியே வேட்டி சட்டையைத் தண்ணீர் ஓரமாக மடித்து வைத்துவிட்டு, நிஜாரோடு முதல் ஆளாக இறங்கினேன். முழங்காலுக்கு ஓர் அலை வந்தது. காலடி மணல் நழுவியது. அவ்வளவுதான், கத்திக்கொண்டு கரையேறிவிட்டேன்.

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். ரங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ வராட்டி நானும் எறங்கல. வாய்யா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. இத்தனை வருஷத்து ஆசை.

"சரி, கைய குடு" என்றேன்.

"ஏரியில எருமைய முந்திக்கினு நீந்துறேன்னு சொன்ன ஆளா நீ? கை இப்படி நடுங்குது!"

"அது உன் கைடி."

மூன்று அலை நின்றோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

திரும்பிப் பார்த்தால் சட்டை இருந்தது. வேட்டியை அலை கொண்டுபோயிருந்தது. ரங்கம்மாவின் மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பச்சை நிறம். புடவைக் கரையில் மாங்காய் உரு போட்டிருந்தது.